எரியாமல் போன விறகு

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, காட்டூர் என்ற ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் புகைபோக்கிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிப்படி, 2004-க்கு முற்பட்ட அலகு என்றால் வெளியேறும் வாயுவின் ஒரு கனமீட்டரில் 100 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக் கூடாது. அதற்குப் பின் 2016 வரை வந்தவற்றுக்கு 50 மில்லிகிராம். அந்த அளவு மதிக்கப்படுகிறதா என்று வடசென்னை மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அதே காற்றுக்குள்தான் காட்டூரிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் விறகடுப்பு புகைகிறது. அதற்கு ஒரு கணக்கும் கிடையாது.

கணக்கு வைக்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. காற்று மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1981-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவைத் தொழிற்சாலைக்காரர்கள் படித்திருப்பார்கள். சமையலறையோடு சேர்த்து யாரும் படிப்பதில்லை. மாநில அரசு ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே இன்ன எரிபொருளைத்தான் எரிக்க வேண்டும், அங்கீகரித்த சாதனத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் ஆணையிடலாம். இங்கிலாந்தில் இதே ஏற்பாடு நேராக வீட்டு அடுப்பின் மேல் பாய்ந்தது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் குறைந்தது 4,000 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக வந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை உண்டாக்கியது. அந்தப் பகுதிகளில் இன்றும் ஒருவர் விறகு எரிக்க வேண்டுமானால், சோதித்து அனுமதி பெற்ற அடுப்பில்தான் எரிக்க முடியும். காட்டூரில் அப்படியொரு சட்டம் அடுப்பைத் தொட வேண்டுமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் எந்த அடுப்பு உண்மையிலேயே புகையைக் குறைக்கும் என்பது தெரிய வேண்டும். அதற்குப் புகை என்றால் என்ன என்பது தெரிய வேண்டும்.

ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சிறிது நேரம் எரிய விட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளை நூலாகப் புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. இரண்டு விரற்கடை மேலே, அந்தப் புகையில் காட்டினாலே போதும். தீ புகை வழியே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். புகை எரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. அது வீணான எரிபொருள். போதிய சூடும் காற்றும் கிடைக்காததால் எரியாமல் தப்பிப் போனது.

விறகிலும் இதே கதைதான். கட்டையை அடுப்பில் வைத்தவுடன் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பச்சை வேலிகாத்தான் கட்டையை அடுப்பில் செருகியவர்களுக்கு இது தெரியும்: இந்த முனை எரியும்போது அந்த முனையில் நுரை கட்டிச் சீறும். நீர் போனபின், 250 டிகிரி செல்சியஸுக்கு மேல், மரம் சிதையத் தொடங்குகிறது. மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளியேறுகிறது. மிஞ்சுவதுதான் கரி. நாம் தணல் என்று பார்ப்பது அந்தக் கடைசிக் கால் பங்கு எரிவது. கொழுந்துவிடும் தீ என்பது வெளியேறிய வாயு எரிவது. அந்த வாயு முழுக்க எரிய 600, 700 டிகிரி வெப்பம் வேண்டும், அதோடு நன்றாகக் கலக்கும் காற்று வேண்டும், இரண்டும் சேர்ந்திருக்கக் கொஞ்சம் நேரமும் வேண்டும். மூன்று கல் அடுப்பில் தீ எழுந்த உடனேயே குளிர்ந்த பானையின் அடியில் போய் முட்டுகிறது. வெப்பம் இறங்கிவிடுகிறது. எரிய வேண்டியது கரிப்பிசினாகப் பானையில் ஒட்டுகிறது. மிச்சம் சமைப்பவரின் மூக்குக்குப் போகிறது.

ஊதாங்குழல் வைத்து ஊதினால் புகை ஏன் சட்டென்று நின்று தீ எழுகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். ஊதுவது தீக்குள் காற்றைத் திணிக்கிறது, எரியாத வாயுவோடு கலக்கிறது, தணலைச் சூடாக்குகிறது. ஆய்வுக்கூடங்களில் விசிறி பொருத்திச் செய்யும் நவீன அடுப்பு இதைத்தான் இடைவிடாமல் செய்கிறது. நம் வீடுகளில் முன்பு இருந்த மரத்தூள் அடுப்பும் அறிவியலில் சளைத்ததல்ல. தகர டப்பாவின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, பக்கத்து ஓட்டை வழியாக இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி இடித்து, பிறகு கட்டைகளை உருவி எடுப்பார்கள். வளைந்த ஒரு குழாய் கிடைக்கும். கீழே நுழையும் காற்று, சூடான சுவர்களுக்கு நடுவே மேலேறும்போது புகையை எரித்துக்கொண்டே போகும். 1980-களில் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய, உலகமெங்கும் ராக்கெட் அடுப்பு என்று பேசப்படும் வடிவமும் வளைந்த குழாய்தான். வெப்பம் வெளியே கசியாத காப்புச் சுவர் அதில் சேர்ந்தது.

கரி போட்டு எரிக்கும் குமுட்டி அடுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் புகை கண்ணுக்குத் தெரியாது. வாயு ஏற்கெனவே போய்விட்ட விறகுதானே கரி! ஆனால் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். நிறமில்லை, மணமில்லை. மழைக்குக் கதவைச் சாத்திவிட்டுக் குமுட்டியை உள்ளே வைத்துத் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

இனி ஈரம். அடுப்பைத் தேர்வு செய்வது பற்றிப் பேசும் யாரும் விறகைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. எனக்கு இதுதான் பாதி விஷயம் என்று தோன்றுகிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் சரிபாதிகூட நீர் இருக்கலாம். ஒரு கிலோ பச்சை விறகு வாங்கினால் அரைக் கிலோதான் மரம். அந்த அரைக் கிலோ தரும் 9 மெகாஜூல் வெப்பத்தில் ஒன்றேகால் மெகாஜூல் தன் கூட்டாளியான நீரை ஆவியாக்கவே போய்விடும். கையில் நிற்பது ஏழேமுக்கால். அதே ஒரு கிலோ, 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருந்தால் ஏறக்குறைய 15 மெகாஜூல் தரும். இருமடங்கு. எடை போட்டு விறகு வாங்குகிறவர்கள் பச்சை விறகில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். அதைவிட மோசம், அந்த ஆவி தீயைக் குளிர வைத்துப் புகையைப் பெருக்குகிறது. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், சிறு அளவில் விற்கும் விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் ஈர விறகைப் போட்டால் அதன் சான்றிதழுக்கு அர்த்தமில்லை.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. மீன் நிறுக்கும் தராசு போதும். பிளந்த ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, எடையைக் குறித்துக்கொண்டு, மற்றவற்றோடு அடுக்கி வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்த ஊர்க் காற்றில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. தரையில் போடாமல் இரண்டு கட்டை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். விறகு நனைவதும், அடுப்பை வெளியே வைக்க முடியாமல் வீட்டுக்குள் கொண்டுபோவதும், வாசலை மூடுவதும் ஒரே மாதங்களில் நடக்கின்றன. புகையின் உச்சமும் அப்போதுதான்.

இப்போது அடுப்புக்கு வருவோம். விறகு போன்ற எரிபொருளுக்கான அடுப்புகளுக்கு இந்தியத் தரநிர்ணயத்தின் எண் ஐ.எஸ். 13152. 2013-இல் திருத்தி வெளியிட்டார்கள். இரண்டு வகைகளை அது பிரிக்கிறது. தானாகக் காற்று இழுக்கும் அடுப்பு என்றால், விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 சதவீதம் பாத்திரத்துக்குப் போக வேண்டும். பாத்திரத்துக்குச் சேரும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 350 மில்லிகிராமுக்கு மேல் துகள் வெளியேறக் கூடாது. விசிறி வைத்த அடுப்பு என்றால் 35 சதவீதமும் 150 மில்லிகிராமும். மூன்று கல் அடுப்பு 10 முதல் 15 சதவீதத்தைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது.

இந்த எண்களை ஒரு பானைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய ஒன்றரை மெகாஜூல் வேண்டும். மூன்று கல் அடுப்பில் 800 கிராம் காய்ந்த விறகு செலவாகும். விசிறி அடுப்பில் 300 கிராமுக்குள் முடியும். விறகுச் செலவில் இது பெரிய வெற்றி, சுள்ளி பொறுக்கிச் சுமந்து வரும் பெண்ணின் முதுகுக்கும் வெற்றி. புகைக் கணக்கு வேறு. தரநிர்ணயத்தின் எல்லையில் நிற்கும் விசிறி அடுப்பு அந்த ஐந்து லிட்டருக்கு 220 மில்லிகிராம் துகளை விடும். நம் நாட்டுக் காற்றுத் தரம் 24 மணி நேரச் சராசரியாக அனுமதிப்பது கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் நுண்துகள். 220 மில்லிகிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஏறக்குறைய 3,670 கனமீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள சமையலறை என்றால் அப்படிப்பட்ட 130 சமையலறைகளின் காற்று. விசிறி இல்லாத அடுப்புக்கு 300 சமையலறைகள். சமையல் எரிவாயு அடுப்புக்கு? சர்வதேசத் தர அமைப்பின் உச்சப் படியான ஐந்தாம் படியில் ஒரு மெகாஜூலுக்கு 5 மில்லிகிராம்தான் எல்லை. நான்கு சமையலறை போதும்.

அதாவது, சான்றிதழ் பெற்ற நல்ல விறகடுப்பும் மூடிய அறைக்குள் நல்ல அடுப்பு அல்ல.

இது வெறும் காகிதக் கணக்கில்லை. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகும் வரட்டியும் எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடிய துகள் கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. இரண்டு மில்லிகிராம் என்பது அனல்மின் நிலையத்தின் 50-ஐவிடச் சிறியதுதானே என்று தோன்றலாம். அந்த 50 வானத்தில் ஏறும் புகைபோக்கிக்குள் அளப்பது. இந்த இரண்டு, பெண்ணின் முகத்துக்கு முன்னால் அளப்பது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தபோது சமைப்பவர் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமைக்காதவர் 90. ஒரே கூரையின் கீழ் இரண்டரை மடங்கு வேறுபாடு. அடுப்பை யார் தேர்வு செய்கிறார், அதற்கான காசு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளை இந்த எண்ணோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதே குழுவினர் பங்கெடுத்த ஹேப்பின் என்ற ஆய்வு இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளுடன் நடந்தது. இந்தியாவில் அதன் களங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும் வீடு தேடிப் போயின. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்று 2022-இல் வெளிவந்த முடிவு சொன்னது. புகைக்கும் உடம்புக்கும் உள்ள உறவு ஒரே அளவுகோலில் அடங்காது என்பதற்கு இது சான்று. ஆனால் சிலிண்டர் தவறாமல் வந்தால் குடும்பங்கள் விறகை விட்டுவிடுகின்றன என்பது அதில் ஐயமின்றித் தெரிந்தது.

அடுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். புகையில்லாச் சமையலறை இந்த நாட்டின் பழைய கனவு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை எப்படிக் கட்டுவது என்று எழுதிய சிறு நூலைச் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953-இல் வெளியிட்டது. 1983-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டம் 2002 வரை மூன்றரைக் கோடி மேம்பட்ட அடுப்புகளை நிறுவியது. கட்டிக் கொடுத்தவர்கள் போனார்கள், குழாயில் கரி அடைத்தது, வாய் விரிசல் விட்டது, மக்கள் பழைய அடுப்புக்குத் திரும்பினார்கள். ஒடிசாவில் 44 கிராமங்களில் 2,600 வீடுகளை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பைத் தவறாமல் பயன்படுத்தவில்லை, சரியாகப் பராமரிக்கவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பாடம் ஊர்ஜா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில், சின்ன மின்விசிறியோடு, வேளாண் கழிவை அழுத்திய குருணையை எரிக்கும் அடுப்பு. பி.பி. நிறுவனம் 2006-இல் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் சுயஉதவிக் குழுப் பெண்கள் மூலம் விற்கத் தொடங்கியது. ஏறக்குறைய 4 லட்சம் அடுப்பு விற்றது. அடுப்பு அருமை. ஆனால் அதற்கு அந்தக் குருணை மட்டுமே தீனி. மூலப்பொருள் விலை ஏற, குருணை விலையும் ஏறியது. 2009-இல் அந்த அடுப்பு வணிகம் கைமாறியது. கவனம் ஓட்டல் சமையலறைகள் பக்கம் போனது. வீடுகளில் குருணை கிடைக்காத அடுப்பு பரணுக்குப் போயிற்று. பல எரிபொருள் அடுப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய வாதம் இல்லை.

ஏரிக்கரையில் எரிபொருள் என்பது கையில் கிடைப்பது. வேலிகாத்தான் சுள்ளி, சவுக்கு மிலாறு, தென்னை மட்டை, பனை மட்டை, கொட்டாங்குச்சி, வரட்டி. பழவேற்காடு 1980 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் எல்லா இடத்திலும் வெட்டவும் முடியாது. இவற்றில் விரல் கனத்துக்குச் சவுக்கும் வேலிகாத்தானும், உடைத்த கொட்டாங்குச்சியும் விசிறி அடுப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஓலையும் மட்டையும் குப்பென்று எரிந்து தீரும். மூட்டிவிட உதவும், சமைக்க உதவாது. வரட்டி சாம்பலும் புகையும் மிகுந்தது, வீட்டுக்குள் வேண்டாம்.

கடற்கரைக்கே உரிய சிக்கல் உப்பு. கரையொதுங்கிய மரமும் பழைய படகுப் பலகையும் உப்பில் ஊறியவை. எரியும்போது அந்தக் குளோரின் அடுப்பின் இரும்பைத் தின்னும். நச்சான டையாக்சின்கள் உருவாகவும் இடம் தரும். படகுப் பலகையில் பெயின்டும் சேர்ந்தால் இன்னும் கேடு. கிழிந்த நைலான் வலையையும் பிளாஸ்டிக் பையையும் தீ மூட்டப் போடும் பழக்கம் அறவே போக வேண்டும். சோற்றைத் தொடும் புகை அது. உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் தகட்டு அடுப்பு சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டையாகும். எரியறை துருப்பிடிக்காத எஃகாகவோ சுட்ட மண்ணாகவோ இருக்கட்டும்.

புகைபோக்கி எல்லா வீட்டுக்கும் விடையல்ல. பனையோலைக் கூரையில் குழாயை ஏற்றினால் ஒரு தீப்பொறி போதும், வரிசையே போய்விடும். சுனாமிக்குப் பின் கட்டிய கான்கிரீட் வீடுகளில் வைக்கலாம். குழாய் கூரை விளிம்புக்கு மேலே உயர வேண்டும், கரி தட்டிச் சுத்தம் செய்ய வழி இருக்க வேண்டும். அப்போதும் குப்பத்தில் வீடுகள் நெருக்கம். இந்த வீட்டுப் புகை அந்த வீட்டு ஜன்னலுக்குப் போகும். பகலில் கடற்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். விடிகாலையில் அப்படி இல்லை. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டு நிற்கும். மார்கழி விடியலில் புகை மேலேறாமல் கூரை உயரத்தில் படுக்கையாகக் கிடப்பது இதனால்தான். ஊரே அடுப்பு மூட்டும் நேரமும் அதுதான்.

தமிழ்நாட்டில் 2006-க்குப் பின் வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் வந்த உஜ்வலாவும் ஏழை வீடுகளுக்கு எரிவாயுவைக் கொண்டு சேர்த்தன. எரிவாயு இருந்தும் விறகு ஏன் எரிகிறது என்று கேட்பவர்கள், ஏரியில் பிழைப்பவரின் வருமானம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை உண்டு. இன்று பாடு கிடைத்தால் காசு, இல்லையென்றால் இல்லை. சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். சுள்ளிக்கு உழைப்பு போதும். ஆகவே தேநீரும் அவசரச் சமையலும் எரிவாயுவில், வெந்நீரும் பெரிய உலையும் விறகில் என்று வீடு பிரித்துக்கொள்கிறது. இது அறியாமை இல்லை, சிக்கனம். விதி எழுதுகிறவர்கள் இதை மதித்து எழுத வேண்டும்.

எனவே 19-ஆம் பிரிவைக் காட்டி விறகடுப்பைத் தடை செய்வதை நான் ஏற்க மாட்டேன். மின்நிலையத்தின் புகைபோக்கியைக் கேட்காமல் மீனவர் வீட்டு அடுப்பைக் கேட்கும் சட்டத்துக்கு நியாயம் இல்லை. அதே பிரிவு அங்கீகரித்த சாதனம் என்று சொல்கிறதே, அதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம்: இந்தக் கடலோரத்துக்கு எந்த அடுப்பு தகும் என்று இங்கே கிடைக்கும் விறகில், இங்குள்ள உப்புக் காற்றில் சோதித்து, பட்டியல் போட்டு, மானியத்தோடும் பழுது பார்க்கும் ஆளோடும் கொடுக்கட்டும். 5 கிலோ சிலிண்டரைக் குப்பத்துக் கடையிலேயே கிடைக்கச் செய்யட்டும்.

அதுவரை, காட்டூரிலோ வேறு குப்பத்திலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்வது: அன்றாடச் சமையலை, முடிந்த அளவு, எரிவாயுவுக்கு மாற்றுங்கள், வீட்டுக்குள் எரிவது அது மட்டுமாக இருக்கட்டும். விறகடுப்பு வாங்குவதானால் அதன் இடம் வெளித் திண்ணையோ நான்கு பக்கமும் திறந்த கொட்டகையோ. கடையில் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஐ.எஸ். 13152 சான்று இருக்கிறதா? விசிறி நின்றுபோனால் மாற்று விசிறி எங்கே கிடைக்கும்? நம் ஊர்ச் சவுக்கு மிலாறும் கொட்டாங்குச்சியும் இதில் எரியுமா, எரித்துக் காட்டுங்கள். மூன்றுக்கும் பதில் வராத கடையில் வாங்க வேண்டாம்.